அப்பத்தாவுக்கு ஒரு ரிங்டோன்: பழைய கேசட்டும் சி.டி-யும் போனுக்கு வந்த கதை!

போன மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. அப்பா 14 தடவை போன் அடித்தார். எடுக்கவில்லை. மதுரையில் இருக்கும் அத்தை தன் பங்குக்கு 9 தடவை அடித்தார். ம்ஹூம். சிவகங்கை பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் 76 வயது மனுஷி ராத்திரி ஒன்பதரை மணிக்கு போனை எடுக்கவில்லை என்றால், சென்னையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பி, டார்ச் லைட்டோடு போய்ப் பார்க்கச் சொன்னோம். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து சாவகாசமாகப் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். போன் உள்ளே அடுப்படி மாடத்தில்.

"போன் அடிச்சுச்சாக்கும்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ஏதோ குருவி கத்துற மாதிரி இருந்துச்சு, சரின்னு விட்டுட்டேன்."

அந்தக் 'குருவி'தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

மறுவாரமே காது டாக்டரிடம் அழைத்துப்போனோம். பெரிதாக ஒன்றும் இல்லை, வயசுதான் என்றார். வயதாகும்போது முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற ஒலிகள்தானாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நன்றாகக் கேட்கும். குக்கர் விசில், காலிங் பெல், போன் மணி எல்லாம் நழுவிப்போகும். அப்பத்தாவின் பட்டன் போனில் இருந்த ரிங்டோன் அப்படி ஒரு கீச்சு மெட்டு. காது மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "அது வேற தனியா கத்தும்" என்று மறுத்துவிட்டார். சரி, ரிங்டோனையாவது மாற்றுவோம் என்று கிளம்பியவள் நான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செல்போனுக்கு அழைப்பு வந்தால் அது எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று டிராய் 2019 நவம்பரில் ஒரு வரையறை வைத்தது. செல்போனுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60 விநாடி. அதாவது திண்ணையில் இருக்கும் அப்பத்தா மணியைக் கேட்டு, முழங்காலைப் பிடித்து எழுந்து, அடுப்படிக்குப் போய், போனை எடுக்க மொத்தம் அரை நிமிஷம். முதல் பத்து விநாடி 'குருவி'யிலேயே போய்விட்டால் அப்புறம் எங்கே எடுப்பது?

பெட்டிக்குள் இருந்த ஐயா

என்ன ரிங்டோன் வைக்கலாம் என்று வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நாதஸ்வரம், உறுமி, ஆட்டுச்சத்தம் வரைக்கும் போனது. அப்போதுதான் அத்தை அந்த யோசனையைச் சொன்னார். "டிரங்குப் பெட்டியில ஐயா பேசின கேசட்டு கெடக்குல்ல? அவரு குரல்ல வச்சா அம்மா ஓடியாந்து எடுக்கும்."

ஐயா, என் தாத்தா, 1984-லிருந்து குவைத்தில் டிரைவராக இருந்தவர். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் போட்டால் ஊரில் யாரிடமாவது கொடுத்துத்தான் படிக்கச் சொல்ல வேண்டும். புருஷன் பொண்டாட்டி பேச்சை அடுத்தவர் வாயால் கேட்க வேண்டும். அதனால் ஐயா கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்துவிடுவார். வளைகுடாவுக்கு ஆள் போன ஊர்களில் பல வீடுகளில் இப்படிக் கேசட் கடிதம் உண்டு. அப்பத்தா அதே கேசட்டில் பதில் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுத்து அனுப்புவார். அப்படியென்றால் புதுப் பேச்சு பழைய பேச்சை அழித்துவிடும்தானே? ஆமாம். ஆறு வருஷப் பேச்சில் கடைசி கடைசியாக மிஞ்சியது ஆறே கேசட். 1990 ஆகஸ்ட்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கூட்டிவந்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஐயாவும் ஒருவர். அதற்கப்புறம் கேசட் தேவைப்படவில்லை. 2009-ல் ஐயா இறந்துபோனார்.

ஆக, எனக்கு இருந்த வேலை மூன்று: கேசட்டில் இருப்பதை லேப்டாப்புக்குக் கொண்டுவருவது, அதைச் சுத்தம் செய்வது, அதில் ஒரு துண்டை வெட்டி ரிங்டோன் ஆக்குவது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடந்தால், நான் பட்ட பாடு உங்களுக்கு உதவும்.

முதலில் கேசட்டைக் காப்பாற்றுங்கள்

சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம். கேசட்டைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், அதன் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுவது. அது இல்லாவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அழுந்தாது. தெரியாமல் கை பட்டு ஐயாவின் குரல் மேல் என் வீட்டு மிக்ஸி சத்தம் பதிவாகிவிட்டால்? நினைக்கவே பயமாக இருந்தது.

நாடாவின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போட்டுப் பார்க்காதீர்கள். மெஷினின் ஹெட்டிலும் அது ஒட்டி, அடுத்த கேசட்டையும் கெடுக்கும். எங்கள் ஆறில் ஒன்றில் அப்படி இருந்தது. அதை மட்டும் தனியே எடுத்துவைத்திருக்கிறேன்; தெரிந்தவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். மற்றவற்றைப் பென்சிலை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றிப் பார்த்து, நாடா சிக்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று உறுதி செய்துகொண்டேன். எண்பதுகளில் பிறந்தவர்களுக்கு இந்தப் பென்சில் வித்தையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஐயா குவைத்திலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன் இன்னும் இருந்தது. ரேடியோ பாடியது, கேசட் மட்டும் இழுத்து இழுத்துப் பேசியது. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் முப்பது வருஷத்தில் தொய்ந்துபோயிருந்தது. சென்னை ரிச்சி தெருவில் அளவு காட்டி பெல்ட் வாங்கினேன். மாட்டியது தெரு முனை ரிப்பேர் கடைக்காரர். ஹெட்டையும் அதன் பக்கத்தில் இருக்கும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் வந்தது. துடைத்த பிறகு சத்தத்தில் இருந்த வித்தியாசம், பின்னால் எந்த சாஃப்ட்வேராலும் எனக்குக் கிடைக்கவில்லை. சோதனைக்கு முதலில் போட்டது ஐயா கேசட் அல்ல. போனால் போகட்டும் என்று ஒரு பழைய பக்திப் பாடல் கேசட். இதையும் கட்டாயம் செய்யுங்கள்.

வயர் விஷயத்தில் நான் முட்டாளானது

டேப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஆக்ஸ் வயர். அவ்வளவுதான் என்று நினைத்தேன். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. சாதாரண ஆக்ஸ் வயரைச் சொருகினால், 'ஓ, ஹெட்போன் மாட்டியிருக்காங்க' என்று அது நினைத்துக்கொள்கிறது. டேப் பாடுவது உள்ளே போகாமல், லேப்டாப்பின் சொந்த மைக் என் அறை ஃபேன் சத்தத்தை 45 நிமிஷம் பதிவு செய்து வைத்திருந்தது. யூ.எஸ்.பி-யில் மாட்டும் குட்டி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கியதும் பிரச்னை தீர்ந்தது. அதில் மைக் ஓட்டை தனியாக இருக்கும்.

இன்னொன்று. மீட்டிங்குகளுக்காக லேப்டாப் மைக்குக்குப் பின்னணி இரைச்சலை அடக்கும் வசதிகள் வைத்திருப்பார்கள். சவுண்ட் செட்டிங்ஸில் போய் அந்த 'என்ஹான்ஸ்மென்ட்' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குரல் மேலே எழும்பி எழும்பி அமுங்கும். மெல்லப் பேசும் இடமெல்லாம் காணாமலே போய்விடும்.

எந்த சாஃப்ட்வேர்?

இங்கேதான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். 'ரிங்டோன் மேக்கர் ஃப்ரீ' என்று தேடி முதலில் வந்ததை இறக்கினேன். அது தன்னோடு ஒரு பிரவுசர், ஒரு 'கிளீனர்', ஒரு விளையாட்டு என்று குடும்பத்தையே கூட்டிவந்தது. இரண்டாவது, பார்க்க அழகாக இருந்தது. எல்லாம் செய்து முடித்து 'சேவ்' அழுத்தினால், இலவசப் பதிப்பில் முதல் ஒரு நிமிஷம் மட்டும்தான், மீதிக்கு டாலரில் காசு என்றது. மூன்றாவது, வீடியோ நடுவில் தன் பெயரைப் பட்டையாகப் போட்டுக் கொடுத்தது. பெயரெல்லாம் வேண்டாம், இந்த மூன்று ரகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியில் நான் தங்கியது ஆடாசிட்டியில். 1999-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பார்க்க ஏதோ ஆஸ்பத்திரி ஈ.சி.ஜி மாதிரி மிரட்டும். நமக்குத் தேவை அதில் ஆறேழு பட்டன்தான். அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இதே பெயரில் ஒட்டுண்ணிகள் நிறைய.

மேலே மைக் படத்தின் பக்கத்தில் யூ.எஸ்.பி சவுண்ட் கார்டைத் தேர்வு செய்துவிட்டு, மோனோ என்று வையுங்கள். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை, இடமும் பாதியாகும். டேப்பில் சத்தமான ஒரு பகுதியை ஓடவிட்டு, அளவு காட்டும் பச்சைப் பட்டை மைனஸ் 6 டெசிபல் பக்கத்தில் தொட்டுத் திரும்புகிற மாதிரி டேப்பின் வால்யூமைத் திருகுங்கள். சிவப்பைத் தொட்டால் குரல் கரகரத்துவிடும். அதை அப்புறம் சரிசெய்யவே முடியாது. பிறகு சிவப்பு வட்டப் பொத்தானை அழுத்தினால் பதிவு ஆரம்பம்.

குறுக்குவழி கிடையாது. 60 நிமிஷக் கேசட்டுக்கு 60 நிமிஷம் ஆகும். எல்லாரும் 'ஓடவிட்டுட்டு வேற வேலையைப் பாருங்க' என்றுதான் சொல்வார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் எட்டாவது படித்தபோது ஐயா போனார். எனக்குத் தெரிந்தது இருமலோடு பேசும் வயசான குரல். இது அது இல்லை. நாற்பது வயசுக் குரல். ஒவ்வொரு பேச்சையும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார். "ஏ புள்ள... இருக்கியா? கேக்குதா?" அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், பதில் வரும் என்பதுபோல. பிறகு கிணத்து மோட்டார், டிராஃப்ட் அனுப்பிய விவரம், பத்தாவது பரீட்சை எழுதப்போகும் என் அப்பாவைச் சினிமாவுக்கு விட வேண்டாம் என்ற உத்தரவு. இரண்டாவது கேசட்டில் ஐயா பேச்சு முடிந்த இடத்தில், அழியாமல் மிச்சமிருந்த பழைய பதில் ஒன்று வந்தது. இளம்பெண் குரல். யாரோ என்று நினைத்துவிட்டேன். "...மோட்டாருக்குக் காயில் கட்டியாச்சு. நீங்க ஒழுங்கா சாப்புடுங்க" என்று சொல்லி நிற்கிறது. அப்பத்தா!

இழுத்த குரலும் இரைச்சலும்

பெல்ட் மாற்றியும் ஐயா குரல் கொஞ்சம் கனமாக, மெதுவாக இருந்ததாக அப்பா சொன்னார். "அவரு இப்படிப் பேச மாட்டாரே." எவ்வளவு மெது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கேசட்டின் கடைசியில் ஐயா இன்னொரு டேப்பிலிருந்து ஒரு இளையராஜா பாட்டை முழுசாகப் பதிவு செய்திருந்தார். அதே பாட்டை இப்போது ஆன்லைனில் கேட்டால் 260 விநாடி. என் பதிவில் 268 விநாடி. 268-ஐ 260-ஆல் வகுத்தால் 1.03. ஆடாசிட்டியில் 'சேஞ்ச் ஸ்பீடு' என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டு அழுத்தினேன். பாட்டும் சரியான நீளத்துக்கு வந்தது. அதே டேப் ரெக்கார்டரில் பதிவான பேச்சும் சரியானது. அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்து 'உஸ்...' இரைச்சல். 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று ஒரு வசதி இருக்கிறது. பேச்சே இல்லாமல் இரைச்சல் மட்டும் இருக்கும் இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று முதலில் அதற்குக் காட்ட வேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அழுத்தினால், அந்த ஜாடையில் இருப்பதையெல்லாம் குறைக்கும். அதில் 12 டெசிபல் என்று இருந்ததை ஆசைப்பட்டு நான் 30 ஆக்கினேன். ஐயா தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசினார். கன்ட்ரோல் இசட்! கடைசியில் 8-ல் நிறுத்தினேன். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் இருக்கட்டும், ஆள் ஆளாக இருக்க வேண்டும்.

எதையும் செய்வதற்கு முன்னால், பதிவான மேனிக்கு ஒரு பிரதியை வேவ் கோப்பாக எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். மோனோவில் நிமிஷத்துக்கு சுமார் 5 எம்.பி பிடிக்கும். கேட்பதற்கும் அனுப்புவதற்கும் எம்.பி.3 போதும், நிமிஷத்துக்கு ஒரு எம்.பி-தான். ஆனால், சுருக்கிய எம்.பி.3-ஐ மறுபடி மறுபடி திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெடும். திருத்துவதெல்லாம் வேவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவது ஒரு கலை

ரிங்டோனுக்குப் பாட்டின் நல்ல இடத்தை வெட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். 30 விநாடிதான் மணி அடிக்கும் என்பதால், அதற்கு மேல் நீளம் வீண். மெல்லத் தொடங்கி உச்சிக்குப் போகும் இசை காதுக்கு இனிமைதான். ஆனால் உச்சிக்குப் போவதற்குள் அழைத்தவர் வைத்துவிடுவார். முதல் விநாடியிலேயே சத்தம் வர வேண்டும். போனின் ஸ்பீக்கர் சுண்டைக்காய் அளவு என்பதால் மிருதங்கத்தின் தொப்பி மாதிரி கனத்த சத்தம் அதில் வரவே வராது. கீச்சென்ற சத்தமோ அப்பத்தா காதில் ஏறாது. மிச்சம் இருப்பது நடுவில், ஏறக்குறைய 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. மனிதக் குரலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கணக்கில் அத்தையின் யோசனை அறிவியல்படியும் சரி.

"ஏ புள்ள... இருக்கியா? கேக்குதா?" மூன்று விநாடி. பின்னால் இரண்டு விநாடி அமைதி. இதை ஆறு முறை அடுக்கினால் சரியாக 30. 'நார்மலைஸ்' கொடுத்து மைனஸ் 1 டெசிபலுக்குச் சத்தத்தை ஏற்றினேன். வெட்டிய முனையில் 'டப்' என்று கேட்காமல் இருக்க இரு பக்கமும் துளியளவு ஃபேட். எக்ஸ்போர்ட், எம்.பி.3. முடிந்தது.

போனில் வைப்பது சுலபம். ஆண்ட்ராய்டு என்றால் கோப்பை 'ரிங்டோன்ஸ்' ஃபோல்டரில் போட்டுவிட்டு சவுண்ட் செட்டிங்ஸில் தேர்வு செய்யலாம். கான்டாக்டில் போய் ஒவ்வொருவருக்கும் தனி ரிங்டோனும் வைக்கலாம். ஐபோனில் கராஜ்பேண்ட் ஆப்பைத் திறந்து, கோப்பை உள்ளே இழுத்து, 30 விநாடிக்குள் வைத்து 'ரிங்டோன்' என்று எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். பட்டன் போன் என்றால் மெமரி கார்டில் எம்.பி.3 ஆகப் போடுங்கள்; கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் சின்னதாக இருக்கட்டும், தமிழில் வைத்தால் சில போன்களில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அப்புறம், ரிங்டோன் வேறு, காலர் ட்யூன் வேறு. நம் போனில் நமக்குக் கேட்பது ரிங்டோன். நம்மை அழைப்பவருக்குக் கேட்பது காலர் ட்யூன். அதை போன் நிறுவனம்தான் வைக்கும். இதை எங்கள் சித்தப்பாவுக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

கல்யாண சி.டி

சித்தப்பா பேச்சு வந்ததால் அவர் கல்யாணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் லேப்டாப்போடு உட்கார்ந்ததைப் பார்த்து, 2003-ல் நடந்த தன் கல்யாணத்தின் மூன்று வி.சி.டி-களை என் தலையில் கட்டினார். யூ.எஸ்.பி டி.வி.டி டிரைவ் ஒன்றை அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கினேன். வி.சி.டி-யைத் திறந்தால் 'எம்பெக்.ஏ.வி' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கடைசியில் 'டாட்' என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். அதை அப்படியே காப்பி செய்து வி.எல்.சி-யில் போட்டால் படம் ஓடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் கொடுத்தால் எம்.பி.4 ஆகிவிடும், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். மூன்றாவது சி.டி பாதியில் நின்றது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்ததும் ஓடியது. வட்டமாகத் துடைக்காதீர்கள், அந்தக் கீறல் தடத்தோடு சேர்ந்தே போய்விடும்.

வி.சி.டி-யின் படம் 352-க்கு 288 புள்ளிதான். எந்த பட்டனை அழுத்தினாலும் அது ஹெச்.டி ஆகாது. 'இன்னும் கொஞ்சம் தெளிவா வராதாம்மா?' என்று சித்தப்பா இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டு சி.டி என்றால் இன்னும் எளிது. விண்டோஸ் மீடியா பிளேயரிலேயே 'ரிப்' என்று இருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுக் கேசட், நம் கல்யாண சி.டி பிரச்னை இல்லை. சினிமாப் பாட்டு, படம் என்று வரும்போது 1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சி.டி-யிலிருந்து உங்கள் போனுக்கு ஒரு ரிங்டோன் வெட்டிக்கொள்வது அந்த எல்லைக்குள் வரும் என்று வாதிடலாம். அதையே ஊருக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்தாலோ விற்றாலோ குற்றம். கடையில் வாங்கும் பட டி.வி.டி-களில் பூட்டு இருக்கும். காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைத்தால், 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி இரண்டு வருஷம் வரை சிறை. ஹேண்ட்பிரேக்கும் அந்தப் பூட்டைத் தானாக உடைக்காது.

அப்பத்தா கேட்டது

சித்திரையில் ஊருக்குப் போனேன். மெமரி கார்டைப் போட்டு, ரிங்டோனை வைத்து, யாரிடமும் சொல்லாமல் திண்ணையிலிருந்து என் போனில் அழைத்தேன். அப்பத்தா உள்ளே சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள... இருக்கியா? கேக்குதா?"

சுளகுச் சத்தம் நின்றது. "இந்தா வந்துட்டேன்" என்று பதில் குரல் கொடுத்தபடி, வாசலுக்கு வந்துவிட்டார். போனிடம் போகவில்லை. வாசலுக்கு! தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். உள்ளே இன்னும் ஐயா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழைப்பைத் துண்டிக்கக்கூடத் தோன்றவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் பேசினார். "ஏத்தா, அவரு கூப்புடுறாருன்னு நான் ஓடியாருவேன். எடுத்தா நீ பேசுவ, இல்லாட்டி அந்த லோன் வேணுமான்னு கேக்குற பொம்பள பேசுவா. தெனம் அஞ்சாறு தடவை அவரு வந்து வந்து இல்லாமப் போவாரா? வேணாம்த்தா. எடுத்துரு."

எடுத்துவிட்டேன். மூன்று வாரம், நாலு சாஃப்ட்வேர், ஒரு பெல்ட். அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "நாம யாரும் அதை யோசிக்கலையே" என்றார்.

அப்போது அண்ணன் மகன், ஆறு வயசு, லீவுக்கு அங்கேதான் இருந்தான். அப்பத்தாவை 'பெரியப்பத்தா' என்று கூப்பிடுவான். லேப்டாப் மைக் முன்னால் நிறுத்தி, "பெரியப்பத்தா, போனை எடு!" என்று கத்தச் சொன்னேன். நாலாவது டேக்கில் சிரிக்காமல் சொன்னான். வெட்டி, அடுக்கி, கார்டில் போட எட்டு நிமிஷம் ஆனது. குழந்தைக் குரல் கொஞ்சம் கீச்சுதான் என்பதால் ஈக்வலைஸரில் மேல் பக்கத்தை இறக்கி நடுவைக் கொஞ்சம் ஏற்றினேன். அப்பத்தா அதைக் கேட்டுச் சிரித்தார். "இவன் கூப்புட்டா எடுக்காமலும் இருக்கலாம், என்ன?"

கிளம்பும்போது முந்தானையில் கை துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஐயா பேச்ச என்ன செஞ்ச?"

"பத்திரமா இருக்கு அப்பத்தா. அஞ்சு கேசட்டும் முழுசா இருக்கு."

"அதை இந்தப் போன்ல ஒரு ஓரமா வச்சுக் குடு. வெள்ளிக்கெழமை வெளக்கேத்திட்டுக் கேட்டுக்கிறேன். அதுவா அடிக்க வேணாம். நானாப் போட்டுக் கேட்டுக்கிறேன்."

பட்டன் போனில் மியூசிக் பிளேயரைத் திறப்பது எப்படி என்று ஏழெட்டு தடவை சொல்லிக்கொடுத்தேன். மெனு, கீழே இரண்டு, ஓகே. விரலால் எண்ணி எண்ணிப் பழகிக்கொண்டார். தன்னுடைய அந்தப் பழைய குரல் அதில் இருப்பதை நான் சொல்லவில்லை; இரண்டாவது கேசட் முடியும்போது தானாக வரும்.

போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு அழைத்தேன். நாலாவது தடவை மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டார். "சொல்லுத்தா. சீக்கிரம் சொல்லு, உங்க ஐயா பேசிட்டிருக்காரு."